அரக்கும் பச்சையும்

2016 ஜனவரி 11, திங்கள்
முழங்கால் வலி விடவில்லை. இவர் கண்டிச் சந்தையில் இருந்து மறுபடியும் அரைக்காய்த் தக்காளி வாங்கி வந்திருக்கிறார். ஒவ்வொன்றாய் அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பார்; கடைக்காரர்கள் ஏசுகிறார்கள். கல்யாணம் முடித்து நாற்பத்தேழு வருஷம், ஒரு பழுத்த தக்காளி வாங்கத் தெரியவில்லை.

மகள் சுந்தரியின் பையன் லோகேஸ் ஹெலிகொப்டர் ஓட்டப் படிக்கப் போகிறானாம். ஊரில் மண்சரிவு வந்த அன்றைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒன்று வந்து இறங்கியதைப் பார்த்ததில் இருந்து இதே பேச்சு. எனக்கு அலுப்பாய் இருக்கிறது. இந்த வீட்டில் யார் ஆசைப்பட்டது நடந்திருக்கிறது?

ஜனவரி 15
பொங்கல். கம்பளையில் இருந்து பரிமளம் போன் எடுத்தாள். இவருடைய அண்ணன் பெண்டாட்டி. நான் பேசவில்லை.

1969இல், வாழ வந்த வீட்டில் எனக்கு முதல் பொங்கல். நான் இவரிடம் வாய் திறந்து கேட்டது ஒரே ஒரு அரக்குச் சேலை. எனக்கும் அவளுக்குமாக இரண்டு எடுத்து வந்தார். அரக்கை அவள் கையில் கொடுத்தார், பச்சையை என் கையில். "நீ கேட்ட கலருதானே?" என்று கிண்டல் வேறு. அவள் அதைக் கட்டிக்கொண்டு கோயில் வாசலில் நின்று, "கொழுந்தனாரு பாத்து எடுத்துக் குடுத்தாரு" என்றாள். மறப்பேனா? பச்சை இன்னும் மடிப்புக் கலையாமல் அலுமாரியில் கிடக்கிறது.

ஜனவரி 27
எடுத்ததும் ஓட்ட விடமாட்டார்களாம். முதலில் விமானிகளுக்கென்று இருக்கிற டொக்டரிடம் முழு உடம்புச் சோதனை. அது சரி வந்தால்தான் மாணவர் லைசென்ஸ். அப்புறம்தான் இரத்மலானை விமானப் பள்ளியில் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து மேலே ஏறலாம். லோகேஸ் சொன்னான்: "வகுப்புல சேந்த பொறகு மெடிக்கல்ல விழுந்தவங்க இருக்காங்க அம்மாயி. அதான் இத மொதல்ல பாத்துக்கிறேன்."

"கண்ணாடிகூடப் போடாதவன், உனக்கென்னடா கொற?" என்றேன்.

பெப்ரவரி 9
கொழும்பு போய் வந்தான். சாப்பிடவில்லை. நெஞ்சு, காது, இரத்தம் எல்லாம் சரியாம். கடைசியில் ஒரு புத்தகத்தைக் காட்டினார்களாம். "புள்ளி புள்ளியா படம் அம்மாயி. உள்ள நம்பர் இருக்காம். எல்லாருக்கும் தெரியுமாம். எனக்கு வெறும் புள்ளிதான்." சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிரிவதில்லையாம். இருபது வயசு வரைக்கும் அவனுக்கே தெரியாது. விளக்கை வைத்து இன்னொரு சோதனை இருக்கிறதாம்.

பெப்ரவரி 10
மருமகன் குடும்பத்து வினைதான் என்றேன். அவர்கள் கல்யாணத்திலேயே எத்தனையோ மறைத்தவர்கள்.

சுந்தரி கோபப்பட்டாள். "சும்மா இரும்மா. ஆம்பளப் புள்ளைக்கு இது தாய்கிட்ட இருந்துதான் வருமாம். தாயோட அப்பாவுக்கு இருக்கான்னு டொக்டர் கேக்கச் சொன்னாரு."

தாயோட அப்பா.

தக்காளி. ரோட்டில் சிக்னல் விழுந்தாலும் பக்கத்து ஆள் கால் எடுத்து வைத்த பிறகுதான் நடப்பார். இன்றைக்கு இவ்வளவு போதும்.

பெப்ரவரி 11
பச்சைச் சேலையை எடுத்து இவர் மடியில் போட்டேன். "இது என்ன கலரு?"

சேலையை ரொம்ப நேரம் பார்த்தார். "நீ கேட்டது. அரக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இல்லியா?"

"பச்ச" என்றேன். இவரே சொன்னார். பள்ளிக்கூடத்தில் இலைக்குச் சிவப்பு அடித்துப் பிரம்படி வாங்கினாராம். அன்றைக்குத் துணிக்கடைக்காரர் மேலே இருப்பது அரக்கு, கீழே இருப்பது பச்சை என்று சொல்லித்தான் பையில் போட்டாராம். பஸ் நெரிசலில் பை கவிழ்ந்து மேலது கீழாய்ப் போனது போல.

"ஏன் சொல்லல?"

"சொன்னா பொண்ணு குடுத்திருப்பாங்களா?"

"கட்டிக்கிட்டு வந்த பொறகு?"

"அப்பறம் சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீயும் ஏன்னு கேக்கல."

நான் கேக்கல. ஆமா, கேக்கல! நாப்பத்தேழு வருஷம் மனசுக்குள்ள வச்சுக் கரிச்சுக் கொட்டினேனே — ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த — யாரு மேல கோவப்படுறது இப்ப?

பெப்ரவரி 14
லோகேஸ் போனில் அந்தப் புள்ளிப் படங்களை எடுத்து வைத்து மனப்பாடம் பண்ணுகிறான். எந்தப் படத்துக்கு எந்த நம்பர் என்று. வேறு டொக்டரிடம் போய்ப் புதிதாய்க் காட்டலாமாம். விளக்குச் சோதனையே தேவைப்படாதாம். எனக்கு அது சரியென்றே பட்டது. பிள்ளை ஆசைப்படுகிறான்.

இவர் கதிரையில் சாய்ந்தபடியே சொன்னார்: "நான் மறைச்சதுல சேலதான்டா மாறுச்சு. நீ மேல இருந்து, எறங்கச் சொல்லிக் காட்டுற வெளக்க மாத்திப் பாத்தா?"

அவன் எழுந்து வெளியே போனான். ஏதோ எறிகிற சத்தம். இவர் சாப்பிடவில்லை. "என்கிட்ட இருந்து அவனுக்குப் போனது இது ஒன்னுதான்" என்றார்.

பெப்ரவரி 25
படங்களை அழித்துவிட்டு விளக்குச் சோதனைக்கே போனான். விழுந்துவிட்டான். ஹெலிகொப்டர் ஓட்டுவதை உத்தியோகமாய்ச் செய்ய முடியாது. பகலில் சும்மா ஓட்ட வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாமாம். அதற்குச் செலவழிக்க நம்மால் ஏலுமா?

பஸ்ஸில் வந்தவன் நேரே தாத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

மார்ச் 2
தரையில் இருந்துகொண்டு, எந்த ஹெலிகொப்டர் எந்த வழியால் போகலாம், மழை மூட்டம் எப்படி என்று பார்த்துக் கொடுக்கிற வேலை ஒன்று இருக்கிறதாம். அதற்குப் படிக்க விசாரிக்கிறான். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனாலும் விசாரிக்கிறான்.

மார்ச் 6, ஞாயிறு
லோகேஸ் சந்தைக்குக் கிளம்பினான். தாத்தாவையும் கூப்பிட்டுக்கொண்டு போனான். "ரெண்டு பேரும் சேந்து அமுக்குவோம்" என்றான்.

நான் கம்பளை பஸ் ஏறினேன். பச்சையைக் கட்டிக்கொண்டு. மடிப்பில் இரண்டு இடத்தில் இற்றுப் போயிருக்கிறது, முந்தானையால் மறைத்துக்கொண்டேன். பரிமளம் கதவைத் திறந்து அப்படியே நின்றாள். தலையெல்லாம் நரைத்துவிட்டது. அந்த அரக்கு, பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டியே கிழிந்துவிட்டதாம். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். என் முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாருக்கே தங்கச்சி இந்தப் பச்ச. எப்ப எடுத்தது?"

"உங்களுக்கு எடுத்தது, அக்கா" என்றேன்.