அன்னாசிக்கு இருப்பிடச் சான்று

அனுப்புநர்:
அ. ஜரினா,
காலஞ்சென்ற அன்வருதீன் அவர்களின் மனைவி,
அன்வருதீன் அன்னாசிக் கடை,
நெல்லித்தோப்பு, புதுச்சேரி.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
வணிகப் பெயர்ப்பலகை ஒழுங்குபடுத்தும் பிரிவு,
புதுச்சேரி.

பொருள்: 'அன்னாசி' அயலூர்ச் சொல் என்று காரணம் காட்டி என் பழக்கடைக்குச் சீல் வைத்தது – சீலை அகற்றவும் பலகையை அப்படியே விடவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட கடையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அன்னாசிப் பழம் நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்று வருகிறோம். கடையைத் தொடங்கிய என் கணவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. மஞ்சள் பலகையில் அவர் கைப்பட எழுதிய 'அன்வருதீன் அன்னாசிக் கடை' என்ற பெயர்தான் இன்றும் இருக்கிறது. வேறு மொழி எழுத்து அதில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே கடைப் பலகைகள் தமிழில் இருக்க வேண்டும் என்று தங்கள் பிரிவு அறிவித்தபோது, நமக்கென்ன கவலை என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். நான் செய்த முதல் தப்பு அது.

2. சென்ற மாதம் இருபதாம் தேதி ஆய்வாளர் திரு. அரிகிருஷ்ணன் அவர்கள் கடைக்கு வந்தார். எழுத்து தமிழ்தான், சொல் தமிழ் இல்லை என்றார். அந்தச் சொல்லின் பொருள், பிறப்பிடம், இங்கு வந்த விவரம் ஆகியவற்றுக்கு ஆதாரம் கேட்டார். சொற்களுக்கென்று தனிப் படிவம் இன்னும் அச்சாகவில்லையாம். அதனால் ஆட்களுக்குரிய இருப்பிடச் சான்றுப் படிவத்தில் 'நபர்' என்பதை அடித்துவிட்டு, 'சொல்' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். அரசாங்கத்தின் சிக்கனத்தை மனதாரப் பாராட்டுகிறேன்.

3. எங்கள் தெருவில் குடியிருக்கும், ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர் திரு. அல்போன்ஸ் ஐயா, பாவம், மூன்று நாள் அகராதிகளைப் புரட்டினார். அவர் சொன்னபடி படிவத்தை நிரப்பினேன். பிறந்த ஊர்: தென் அமெரிக்கக் காடு. பொருள்: அங்குள்ள மக்களின் பேச்சில் 'நல்ல பழம்' என்று சொல்கிறார்கள். அழைத்து வந்தவர்: போர்ச்சுக்கீசியர், கப்பல் மார்க்கமாக. வசிக்கும் காலம்: சுமார் நானூறு வருடம். தகப்பனார் பெயர் கேட்ட இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன். குடும்ப அட்டை எண் கேட்ட இடத்தில் கோடு போட்டேன். சாட்சிக் கையெழுத்து இரண்டும் முறையாக வாங்கி வைத்தேன்.

4. ஒரே வாரத்தில் பதில் வந்தது. என் விதவை உதவித்தொகை மனுவுக்கு ஒன்றரை வருடமாகப் பதில் இல்லை என்பதை இங்கே நன்றியுடன் குறிப்பிடுகிறேன். பிரெஞ்சுக்காரர்களும் இந்தப் பழத்தை 'அனனாஸ்' என்றே சொல்வதால், 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்து, பிரெஞ்சுக் குடியுரிமையா, இந்தியக் குடியுரிமையா என்று ஊரார் முடிவு செய்தபோது, மேற்படி சொல் எந்தப் பக்கம் எழுதிக் கொடுத்தது என்பதற்கு ஆதாரம் இணைக்கப்படவில்லை என்று கடிதத்தில் கண்டிருந்தது. நாலு தடவை படித்தேன். தலை சுற்றியதுதான் மிச்சம். அன்னாசியைத் தனித்தமிழில் 'செந்தாழை' என்று மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையும் அதில் இருந்தது. சட்டத்தை மதிப்பவள் என்பதால் அப்படியே ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். அன்று முழுக்க ஒரு பழம்கூட நறுக்கவில்லை. மறுநாள் அட்டையைக் கழற்றிவிட்டேன்.

5. எதிர்க்கடை வெற்றிவேல், ஆள் உயரத்துக்கு ஆங்கில எழுத்தில் 'மேங்கோ' என்று பலகை வைத்திருக்கிறார். அதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. விசாரித்தால், அந்த ஆங்கிலச் சொல்லே நம் மாங்காயிலிருந்து பிறந்தது, ஆகவே நம் பிள்ளை என்கிறார்கள். வெற்றிவேல் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல மனிதர். ஆனால் காயின் பெயரை மாட்டிக்கொண்டு அவர் விற்பதெல்லாம் பழம்தானே என்று யாரும் கேட்கவில்லை. வெளிநாடு போய் வந்த சொல்லுக்கு மாலை, வெளிநாட்டிலிருந்து வந்த சொல்லுக்குப் பூட்டு என்பது என்ன நியாயம் ஐயா?

6. இம்மாதம் ஒன்பதாம் தேதி கடையைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். பூட்டிய சாவி தங்கள் அலுவலக அலமாரியில் இருப்பதாக அறிகிறேன். சாவி, அலமாரி, தாங்கள் இம்மனுவை வைத்துப் படிக்கும் மேசை, அருகிலுள்ள ஜன்னல் ஆகிய நான்கு சொற்களும் அதே போர்ச்சுக்கீசியரோடு வந்து இறங்கியவைதான் என்று அல்போன்ஸ் ஐயா சொல்கிறார். விஷயம் வெளியே தெரிந்தால் தங்கள் அலுவலகத்துக்கு யாராவது சீல் வைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

7. இதுவரை எழுதியதைத் தாங்கள் படித்துச் சிரித்தாலும் பரவாயில்லை. சீல் வைத்துவிட்டுக் கிளம்பும்போது திரு. அரிகிருஷ்ணன் பலகையை இன்னொரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "அன்வருதீன்றதும் தமிழ் மாதிரி தெரியலியேம்மா. நீங்க பூர்வீகமா எந்த ஊரு?" என்று கேட்டார். நெல்லித்தோப்பு என்றேன். "அதுக்கு முன்ன?" என்றார். என் மாமனாரின் தாத்தா காலத்திலிருந்து இதே ஊர்தான் என்றேன். "அதுக்கும் முன்ன?" என்றார். பழத்துக்குக் கேட்டதைப் பொறுத்துக்கொண்டேன். என் கணவரை இந்த ஊர் மண்ணில்தான் அடக்கம் செய்திருக்கிறோம். அவர் பெயருக்கும் பிறப்பிடச் சான்று என்றால் நான் எந்த அலுவலகத்தில் போய் நிற்பேன்? அன்று நடுத்தெருவில் நின்று அழுதேன். இத்தனை வருடத்தில் எங்கள் கடைக்கு வந்த யாரிடமும் பூர்வீகம் எது என்று நாங்கள் கேட்டதில்லை. மிளகாய்த்தூள் போடலாமா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறோம்.

8. அடுத்த வாரம் நோன்பு தொடங்குகிறது. எனக்கு வருடத்தில் வியாபாரம் நடப்பதே அந்த முப்பது நாள்தான். உள்ளே பழங்கள் அழுகி, சாறு ஷட்டருக்கு அடியில் வழிந்து தெருவுக்கு வந்துவிட்டது. எறும்புகள் மட்டும் எந்தச் சான்றும் கேட்காமல் தின்கின்றன. ஆகவே உடனே சீலை எடுக்க உத்தரவிட வேண்டும். அன்னாசி என்ற சொல்லை ஊரைவிட்டு அனுப்பியே ஆக வேண்டுமென்றால் அதைத் தனியே விசாரித்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அன்வருதீன் என்ற பெயரில் யாரும் கை வைக்கக் கூடாது. பலகையை இறக்க மாட்டேன்.

9. என் பூர்வீகம் பற்றித் தங்கள் பிரிவுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், இம்மனுவையே ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம். யாரிடமும் எழுதி வாங்கவில்லை, நானே உட்கார்ந்து எழுதியது. கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் எனக்கு இந்த ஒரு மொழிதான் வருகிறது, ஐயா.

இடம்: நெல்லித்தோப்பு, பூட்டிய கடையின் வாசல்
நாள்: 12.02.2026

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
அ. ஜரினா