தங்கப்பட்டணத்துக்கு இன்னும் மூன்று ஆறு

1913 அக்டோபர் 13, திங்கள்

சேரன்மகாதேவி. காலையிலிருந்து தூறல். சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் விட்டாயிற்று. ரயில்வே கோட்டுக்கு ஒரு பொத்தான் தைக்க வேண்டும்.

பகல் வண்டி போனபின் சுப்பையா தந்தியில் கூப்பிட்டான். அவன் ஆழ்வார்குறிச்சி ஸ்டேஷனில் தந்தி தட்டும் சிக்னலர், நான் இங்கே. பதினான்கு மாதமாகக் கம்பியில்தான் பழக்கம், முகம் பார்த்ததில்லை. எனக்கு லீவு கிடைத்தால் அவனுக்குக் கிடைக்காது. ஆனால் கை தெரியும். சந்தோஷமாக இருந்தால் வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விடாமல் தட்டுவான். இன்று விட்டுவிட்டுத் தட்டினான்.

நாங்கள் சேர்ந்து கட்டும் கதை இதுவரை: பொதிகைக்கு அந்தப் பக்கம் தங்கப்பட்டணம். தாமிரபரணி அதன் கோட்டைக்குள்தான் புறப்படுகிறதாம். தேடிப் போகிறவர்கள்:
ஒற்றைக்கண் சர்வேயர் (சு.வின் ஆள்).
கோபக்கார வைத்தியர் (என் ஆள். ஸ்டேஷன் மாஸ்டர் சாயல், அவருக்குத் தெரியாது).
பத்தமடைப் பாய் வியாபாரி. காட்டில் படுக்கப் பாய் வேண்டாமா.
வழிகாட்டி. பெயர் வைக்கவில்லை.

அத்தியாயம் ஒன்று அவன், ஒன்று நான். கம்பியில் சுருக்கம் மட்டும். நோட்டில் விரித்து எழுதுவது என் பாடு.

14, செவ்வாய்

சு. நேற்று அனுப்பிய மூட்டை முடிச்சுப் பட்டியல்: அரிசி, உப்பு, புலி ஒரு மூட்டை. புலியை எப்படி மூட்டை கட்டினார்கள் என்று மூன்று பக்கம் எழுதி, சுருக்கத்தை இன்று அனுப்பினேன். வைத்தியருக்குக் கையில் கடி. பதில் வந்தது: "நான் சொன்னது கொழம்புக்குப் போடுத புளிவே."

இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் புலியும் ஒன்றுதான், புளியும் ஒன்றுதான். பிறகு அவனே, "இருக்கட்டும், புலியும் வரட்டும்" என்றான். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மாஸ்டர் எட்டிப் பார்த்தார். பாளையங்கோட்டைக்காரர், ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர், எதையும் கவனிக்காமல் விடமாட்டார்.

"என்னவே, தனியா இருந்து சிரிக்கீரு? உங்க அக்காளுக்குக் காயிதம் போட்டு ஒரு பொண்ணு பாக்கச் சொல்லட்டா?"

பொத்தான் தைக்கவில்லை.

16, வியாழன்

நல்ல மழை. ஆற்றில் செந்தண்ணீர்.

சு.வோடு சண்டை. அடுத்த அத்தியாயத்தில் பட்டணத்துக்குள் நுழைந்துவிட வேண்டுமாம். நான் குறுக்கே ஓர் ஆற்றை விட்டேன். "இன்னும் எத்தன ஆறுவே?" என்றான். "மூணு" என்றேன். "சீக்கிரம் கதைய முடியும்வே" என்று தட்டிவிட்டுப் போய்விட்டான்.

அவனுக்கு என்ன அவசரமோ. பட்டணம் வந்தால் கதை முடியும். கதை முடிந்தால் என்னை எதற்குக் கூப்பிடுவான்? இதை அவனிடம் சொல்ல முடியாது. அதனால் இன்னும் மூன்று ஆறு.

18, சனி

இன்ஸ்பெக்டர் வந்து போனார். கம்பியில் சொந்தப் பேச்சு கூடாது, மீறினால் வேலை போகும். எல்லா ஸ்டேஷனுக்கும் உத்தரவு. கையெழுத்துப் போட்டேன்.

தந்திக் கருவி, வண்டி விவரம் தவிர வேறு பேசவில்லை. இட்டிலிக் கடையில் அதே பெஞ்சு. இன்று முழுக்க நான் வாயைத் திறந்து சொன்னது: "நாலு வைங்க", "போதும்". அக்காள் கடிதம், தீபாவளிக்கு வரச் சொல்லி. லீவு இல்லை என்று எழுதினேன்.

20, திங்கள்

வெயில் எட்டிப் பார்த்தது.

பகல் மூன்று மணி. மாஸ்டர் வெளியே போன நேரம். சு. அவசரமாகத் தட்டினான்: "நாளைப் பகல் வண்டி. வாரேன்." எத்தனை நாள் லீவு என்று கேட்பதற்குள் கூட்ஸ் வண்டிச் செய்தி குறுக்கே வந்துவிட்டது. பிறகு கூப்பிடவில்லை, உத்தரவுக்குப் பயந்திருப்பான்.

வருகிறான். பதினான்கு மாதம் கழித்து.

செய்ய வேண்டியது: அறை கூட்ட. பாய் உதறிப் போட. வேட்டி வெளுக்கப் போட்டதை வாங்க. இட்டிலிக் கடையில் இரண்டு பேருக்குச் சொல்ல. கதை நோட்டு. ஆறுகளை எடுத்துவிடலாம், அவன் இஷ்டம்போல் முடியட்டும்.

மாஸ்டரிடம் நாளை அரை நாள் லீவு. தந்தியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். என்ன நினைத்தாரோ, முகத்தில் சிரிப்பு.

21, செவ்வாய்

பகல் வண்டி சரியான நேரம். கோட்டும் தொப்பியும் இல்லாமல் வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு. "மாப்பிள்ள கணக்கா வந்திருக்கீரு" என்றார் மாஸ்டர்.

வெளிவாசல் பக்கம் நின்றேன், இறங்குகிறவன் அந்த வழியாகத்தானே வர வேண்டும். இறங்கியது: கல்யாணக்காரப் பெண்கள் இரண்டு பேர், ஒரு கிழவர், ஒரு கூடைக்காரர். நடுப்பெட்டி ஜன்னலில் தலைப்பாகைக்காரன் ஒருவன் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னையும் பார்த்தான். தண்ணீருக்குத் தேடுகிறான் என்று நினைத்து, குழாய் இருக்கும் பக்கம் கையைக் காட்டினேன். வண்டி போய்விட்டது.

சொல்லிவைத்ததற்காக இரண்டு பேர் சாப்பாட்டையும் வாங்கினேன். ஒன்றைத்தான் சாப்பிட முடிந்தது. கோபம்தான். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருக்கலாமா.

22, புதன்

காலை ஆழ்வார்குறிச்சி கூப்பிட்டது. கை வேறு. சுப்பையா எங்கே என்று உத்தரவை மீறிக் கேட்டேன். பதில்: "வேலைய விட்டாச்சு. நேத்துப் பகல் வண்டில தூத்துக்குடி. கப்பல். கொழும்புல மச்சினன் கூட."

நேற்றுப் பகல் வண்டி. இந்த ஸ்டேஷன் வழியாகத்தான் போக வேண்டும்.

வாரேன். ஊரை விட்டுப் போகிற எவன் போறேன் என்று சொல்வான்? அக்காள் வீட்டு வாசலில் நானும் அந்த வார்த்தையைத்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

மாஸ்டர் வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஆங், மறந்துட்டேன்வே. நேத்து வண்டிக்குள்ள இருந்து ஒருத்தன் உம்மக் கேட்டான். சிக்னலர் எங்கன்னு. லீவு, கோட்டுப் போட்ட ஆளு இன்னைக்கி நான் மட்டுந்தான்னேன். நீரு வாசல்ல நின்னது அப்பம் நெனப்புல வரல."

தலைப்பாகையா என்றேன். ஆமாம் என்றார்.

"ஏதும் சொன்னானா?"

"சொன்னான். 'சரி, வாரேன்னு சொல்லுங்க'ன்னான்."

கோட்டைப் போட்டுக்கொண்டேன். பொத்தான் இன்னும் தைக்கவில்லை. பகல் வண்டிக்கு நேரம்.