என் கையில் கொடுத்துவைத்த தாலி

முடிச்சூர்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது.

அன்புள்ள மகன் ஷெர்வினுக்கு,

கர்த்தர் காப்பதால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே கால்கரியில் நீயும் பிளஸ்ஸியும் அவள் வயிற்றில் இருக்கிற நம் குட்டியும் குளிர் தாக்காமல் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து எனக்கே பிரசங்கம் பண்ணுகிறாய், அப்புறம் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸப்பில் அனுப்பினால் அது எந்தெந்த ஊர் சுற்றி எந்த வாசலில் வந்து நிற்கும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது. காகிதத்தை ஃபார்வர்டு பண்ண முடியாது. மெதுவாக வந்து சேரட்டும், நீயும் மெதுவாகவே படி.

அப்பாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது, தாம்பரத்தில் பிசியோதெரபி போகச் சொன்னால் ஒரு நாள் போகிறார், அடுத்த நாள் மழை என்கிறார், மூன்றாம் நாள் மழை இல்லை என்றாலும் மழை வரும் என்கிறார். சாக்கடைக்காக நம் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு ஆளைக் காணோம். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் போதும், வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இல்லையா, எல்லாரும் வண்டியைக் கொண்டுபோய் மேட்டில் நிறுத்திவிடுகிறார்கள். ஜெயசீலி சித்தி கூடுவாஞ்சேரியில் கட்டிய வீட்டுக்குப் பிரதிஷ்டை ஆராதனை வைத்திருந்தாள், பிரியாணி நன்றாக இருந்தது, எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஊர்க்கதை பேசிக்கொண்டே போனால் அதைச் சொல்லாமலே முடித்துவிடுவேன்.

எதிர்வீட்டுத் தீபலட்சுமி விஷயம்தான். அவளுக்கு மார்பில் கட்டி வந்ததையும் நான் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததையும் உன்னிடம் போனில் சொன்னேன். ஜெபத்தில் வைத்துக்கொள், பேரைச் சொல்லாதே, அவள் பெண்ணுக்குக் கூடுவாஞ்சேரியில் வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள், கல்யாணம் முடிகிற வரை வெளியே தெரியக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். சரிம்மா என்றாய். நான் சொன்னதை நீ எந்தக் காதால் கேட்டாயோ தெரியவில்லை, அதனால் நடந்ததை நடந்தபடி இங்கே மறுபடி எழுதுகிறேன்.

ஆபரேஷன் அன்றைக்கு அவள் வீட்டுக்காரர் ரவி ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தார். மறைமலை நகர் கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களை வேனில் கூட்டிக்கொண்டு வருகிற நேரத்தில், தியேட்டருக்கு உள்ளே போக வேண்டும், மேலே ஒரு நகையும் இருக்கக் கூடாது என்று நர்ஸ் வந்து நின்றுவிட்டாள். தீபலட்சுமி தோடு, வளையல், மெட்டி எல்லாம் மளமளவென்று கழற்றினாள், தாலியில் கை வைத்ததும் நின்றுவிட்டாள். அப்புறம் ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தாலியைக் கழற்றி என் கையில் வைத்து, "அக்கா, வேற யாராண்டயும் குடுக்கத் தோணல, பத்திரமா வெச்சிருங்க" என்றாள். கர்ச்சீப்பில் சுற்றி என் பைக்குள் வைத்தேன். அவள் உள்ளே போகும்போது சிரித்துக்கொண்டே, "நீங்க உங்க சாமியக் கும்பிடுங்க, நான் எங்க அம்மனக் கும்பிடறேன், யாரு மொதல்ல ஓடியாறாங்கன்னு பாப்போம்" என்றாள். அவ்வளவுதான் மதத்தைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு. அவள் வெளியே வருகிற வரைக்கும் பையை மடியை விட்டு எடுக்கவில்லை, பாத்ரூமுக்குக் கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். ரவி வந்ததும் அவர் கையில் கொடுத்தேன், அவர்தான் மறுபடி போட்டுவிட்டார்.

அதற்கப்புறம் கீமோ. முடி கொட்டியது. திருப்பதி போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன் என்று தெருவில் சொல்லிவைத்தாள். பக்கத்தில் நின்ற நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன், அந்தப் பொய்க்காகக் கர்த்தரிடம் தனியாகப் பேசிக்கொண்டேன், அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வாய்க்கு எதுவும் பிடிக்காமல் இருந்தவளுக்குக் கஞ்சி, பூண்டு ரசம், இடியாப்பம் என்று டிபன் கேரியரில் கொண்டுபோனேன். ஒரு நாளும் ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்து பண்ணிக்கொண்டேன். அவளுக்குச் சோறு ஆக்கிப் போடத்தான் ஆண்டவர் என்னை அந்த வாசலுக்கு எதிரில் குடிவைத்திருக்கிறார் என்று எனக்கு ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் உன்னிடம் வாயை விட்டேன்.

போன சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் தேதி குறிக்க வந்தார்கள். நான்தான் அடுக்களையில் காபி போட்டேன், தீபலட்சுமிக்கு இன்னும் கை நடுங்குகிறது. தட்டைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வருகிறேன், வாசலில் நம் சபை ஷீலா, கூட இரண்டு பெண்கள், கையில் கலர் பேப்பர் சுற்றிய வேதாகமம். ஷீலாவைத்தான் உனக்குத் தெரியுமே, நல்ல மனசு, வாய்க்குப் பூட்டுக் கிடையாது. நேரே போய்த் தீபலட்சுமியைக் கட்டிக்கொண்டு, "ஸ்தோத்திரம் சிஸ்டர், கான்சரைப் பத்திக் கவலைப்படாதீங்க, சபையே உங்களுக்காக முழங்கால்ல நிக்குது, ஞானஸ்நானம் எப்போன்னு சொன்னா நாங்களும் வருவோம்" என்றாள். ஹாலில் இருந்தவர்கள் முழித்தார்கள். அவர்களுக்குப் புரிய வைப்பதாக நினைத்துக்கொண்டு ஷீலா போனை எடுத்து வாட்ஸப்பில் வந்த வீடியோவைப் போட்டாள். கால்கரி சபையில் நீ மைக் பிடித்து நிற்கிறாய். உன் குரலைக் கேட்டதும், பெற்ற வயிறு பார், ஒரு நொடி எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முடிச்சூரில் எங்கள் எதிர்வீட்டுத் தீபலட்சுமி என்கிற இந்து சகோதரி, புற்றுநோயால் சாகக் கிடந்தார்கள், என் தாயார் காட்டிய அன்பினால் தொடப்பட்டு, ஆஸ்பத்திரியிலேயே இரட்சகரை ஏற்றுக்கொண்டு, தன் பழைய வாழ்க்கைக்கு அடையாளமாக இருந்த தாலியைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்கிறாய். எல்லாரும் கை தட்டுகிறார்கள். நான் காபித் தட்டோடு நிற்கிறேன் ஷெர்வின். கீழே வைக்க இடம் தெரியவில்லை எனக்கு.

தீபலட்சுமி புடவைக்குள்ளே கையை விட்டுத் தாலியை வெளியே இழுத்து அவர்களிடம் காட்டினாள். "தோ கீது பாருங்க, கழுத்துலதான் கீது" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் ஒரு தரம், அப்பாவிடம் ஒரு தரம் காட்டினாள். புருஷன் பக்கத்தில் நிற்கும்போது ஒரு பெண் தன் தாலியை ஊராருக்கு எடுத்துக் காட்டும்படி செய்துவிட்டாய். அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். "நோய மறைச்சதக் கூட நான் தப்பா நினைக்க மாட்டேங்க, பொண்ணப் பெத்தவங்களுக்கு அந்தப் பயம் இருக்கும். மதம் மாறினத மறைக்கலாமா, தாலியக் கழட்டினத மறைக்கலாமா" என்று கேட்டுவிட்டு எழுந்தார். பார்த்துக்கொள், அவள் மறைத்த உண்மையை அவர்கள் மன்னிக்கத் தயாராக இருந்தார்கள். நீ சொன்ன பொய்யைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. காபியைத் தொடாமல் போய்விட்டார்கள், இதுவரை ஒரு பதிலும் இல்லை.

ரவி என்னை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "இன்னாக்கா இது, இவ்ளோ நாளா சோறு குடுத்ததெல்லாம் இதுக்குத்தானா" என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகக் கேட்டார். தீபலட்சுமி உள்ளே இருந்தபடியே, "என் தாலியையே உங்க கையில குடுத்தேனேக்கா" என்றாள். மறுநாள் காலையில் நம் டிபன் கேரியர் கேட்டில் தொங்கியது. இத்தனை வருஷத்தில் அவள் நம் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பியதே இல்லை, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புவாள். இப்போது கழுவித் துடைத்துக் காலியாக இருந்தது. உன் பிள்ளைக்கென்று மெல்லிய பழைய புடவையில் சின்னச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தாள், நடுங்குகிற கையோடு. அது என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா. நடந்தது என்று சொல்லவில்லை அம்மா, நடக்கும் என்று விசுவாசத்தில் சொன்னேன், ஆண்டவர் நாமம் மகிமைப்பட்டதே என்றாய். ஆண்டவர் உன்னிடம் அப்படி ஒரு மகிமை கேட்டாரா. இந்த விசுவாசத்துக்கு எங்கள் காலத்தில் புளுகு என்று பேர். நான் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளின் புளுகைக் கேட்டிருக்கிறேன், ஒருத்தன்கூட ஆண்டவர் மேல் பழியைப் போட்டதில்லை. அப்பா, பையன் நல்ல எண்ணத்தில்தானே சொன்னான் விடு என்கிறார். அவரும் அந்த வீடியோவை இரண்டாம் தரம் சத்தமாக வைத்துக் கேட்டார், எனக்குத் தெரியும். எனக்கு விட முடியவில்லை. என் வயிற்றில் பிறந்தவன் என் கையை வைத்தே இன்னொருத்தி கழுத்தைப் பிடித்த மாதிரி இருக்கிறது. வெளியார் செய்திருந்தால் தூக்கம் வந்திருக்கும்.

வெள்ளம் வந்தபோது நீ இங்கேதான் இருந்தாய். இந்த ரவிதான் இடுப்புக்கு மேல் தண்ணீரில் அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் மாடியில் உட்கார வைத்தார். தண்ணீர் வடிகிற வரைக்கும் அவர்கள் வீட்டு ஸ்டவ்வில்தான் நமக்கும் உலை வைத்தார்கள். அவள் கிண்டிய உப்புமாவை இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் நீ. அவர்கள் சாமி படத்துக்கு எதிரில்தான் படுத்துத் தூங்கினோம், விபூதி பூசிக்கொள் என்று ஒருத்தர் சொல்லவில்லை. ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தைக் காப்பாற்றினோம் என்று ரவி எந்தக் கோயிலில் மைக் பிடித்தார் சொல். நாம் அவர்களுக்கு அன்பு காட்டியதாக நீ சாட்சி சொல்கிறாய், அன்பு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நாம் அந்த மாடியில் பார்த்தோமே, மறந்துவிட்டதா. இனிமேல் நான் ஒரு டம்ளர் ரசம் கொண்டுபோனாலும் அது தூண்டில் புழு மாதிரித்தான் தெரியும். ஒரு மனுஷிக்கு ஒன்றும் எதிர்பாராமல் நல்லது செய்கிற பாக்கியம் எனக்கு இருந்தது, நீ அதை எடுத்துக்கொண்டுபோய் உன் சபையில் காட்டிக் கை தட்டல் வாங்கிக்கொண்டாய்.

வீடியோவை அழித்துவிட்டேன் என்று மெசேஜ் போட்டிருந்தாய். அது போதாது. எந்த இடத்தில் நின்று சொன்னாயோ அதே இடத்தில், அதே மைக்கில், நான் சொன்னது நடக்கவில்லை, அந்தச் சகோதரி தன் சாமியை விடவில்லை, என் அம்மாவும் விடச் சொல்லவில்லை, நான் பொய் சொன்னேன் என்று சொல். அதை யாரும் ஊர் ஊராக அனுப்பாமல் விட்டாலும் பரவாயில்லை, நீ சொல்ல வேண்டும். அப்புறம் ரவிக்குப் போன் பண்ணு. அவர் திட்டினால் வாங்கிக்கொள், நடுவில் பேசாதே, ஆண்டவரை இழுக்காதே. அந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் நீ பேச வேண்டுமென்று ரவி சொன்னால் அவர்களிடமும் பேசு. நானும் போவேன், ஷீலாவையும் கூட்டிக்கொண்டு போவேன், அவள் அன்றைக்கு நேரில் பார்த்ததிலிருந்து அழுதுகொண்டிருக்கிறாள். தீபலட்சுமிக்கு இன்னும் இரண்டு கீமோ பாக்கி. அடுத்ததற்கு ஆட்டோவில் அவள் பக்கத்தில் யார் உட்காரப்போகிறார்கள் என்பதுதான் எனக்கு இப்போது கவலை. அன்றைக்குக் காலையில் அந்த வாசலில் போய் நிற்பேன், கதவைத் திறந்தால் போவேன், திறக்காவிட்டால் வேறு ஆட்டோவில் பின்னால் போவேன்.

பிளஸ்ஸியை மாடிப்படி பார்த்து இறங்கச் சொல். இரும்பு மாத்திரையை டீயோடு போடக் கூடாது. பிரசவத்துக்கு நான் வருவேன், அதில் மாற்றம் இல்லை, கோபத்தை ஊரில் வைத்துவிட்டு வருவேன் என்று மட்டும் நினைக்காதே. கர்த்தர் உங்கள் மூவரையும் தம் சிறகுக்குள் வைத்துக்கொள்ளட்டும், உன் நாவுக்கும் ஒரு காவல் வைக்கட்டும்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எல்லாரும் ஜெபக்குறிப்புச் சொன்னார்கள். என் முறை வந்தது. ஞானஜோதி டீச்சர், முகம் வாடியிருக்கே, என்ன பாரம், சொல்லுங்க, நாங்க தாங்கிக்கிறோம் என்று அமலராணி கேட்டாள். என் மகன் எனக்குத் துரோகம் பண்ணிவிட்டான் என்று தொண்டை வரைக்கும் வந்தது. ஒன்றும் இல்லை, முட்டி வலி என்று அப்பாவின் வலியை எனதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நீ செய்ததை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை ஷெர்வின், ஜெபத்துக்காகக்கூடச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானஜோதி தேவானந்தம்