சுப்பராயலுவுக்குச் சொன்னதும் உங்களுக்குச் சொல்வதும்

பாகூர்

அன்பு மச்சானுக்கு, ஸலாம்.

பீடியை விடச் சொல்லி, ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுத்த நுரையீரல் படத்தைக் கரும்பு வெட்டுகிறவர்களிடம் காட்டினேன். "இன்னாம்மா, கரும்புச் சோகை கொளுத்துன கொல்ல மாதிரி இருக்குது," என்று சுப்பராயலு சிரித்தார். படத்தைச் சுருட்டிவிட்டு, "கரும்புக் கட்டைத் தூக்கிக்கினு வண்டி வரைக்கும் நிக்காம நடப்பீங்களா?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. மறுநாள் அவர் காதில் எப்போதும் செருகியிருக்கும் பீடி இல்லை.

உங்களிடம் அது எடுபடாது. காரைக்கால் கடையில் உட்கார்ந்துகொண்டு எதைத் தூக்குகிறீர்கள்? ஆனால் நோன்பு வைத்தால் பகலெல்லாம் பீடியைத் தொடுவதில்லை. நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழத்துக்கு முன்னால் அதைத்தான் தேடுகிறீர்கள். இந்தமுறை இரவிலும் தேடாமல் இருந்து பாருங்கள்.

எனக்கு இப்போது பீடி வாசனைக்கே குமட்டுகிறது. இந்த வருடம் நோன்பு வேண்டாமென்று மாமி சொல்லிவிட்டார்கள்.

பெருநாளுக்கு வாருங்கள். நீங்கள் தூக்கிக்கொண்டு நடக்கவும் ஒரு ஆள் வரப்போகிறது.

உங்கள்
நர்சம்மா