ஷாக்கரில் கட்டிய நூல்

நேற்று பீரோவை ஒழித்தபோது பேத்தியின் பழைய சைக்கிளோடு வந்த சின்னப் புத்தகம் கிடைத்தது. பிரித்ததும் கிரீஸ் வாசனை. நீங்கள் கண்ணை மூடி நான்கு வருஷம் ஆகிறது. இருந்தாலும் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது வடக்கே, லக்ஷ்மிபாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் மகனோடு இருந்தோம். பேத்திக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்குப் போக அந்த மலைச் சைக்கிள் வந்தது. முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் குழாய்க்குள் ஸ்பிரிங் இருக்கும், ஷாக்கர் என்பார்கள். குழியில் இறங்கினால் அது அமுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் அடி அவள் மணிக்கட்டில்தான் விழுந்தது. கை வீங்கி வந்தாள். இனி பஸ்ஸில் போகட்டும் என்றான் மகன். நீங்கள் ஒரு படி மேலே போனீர்கள்.

"ஞாயித்துக்கிழமை கபாடிவாலா வருவான். பழைய இரும்போட போட்டுருவோம். பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?"

அந்தப் பேச்சு எனக்குப் பழசு. ஆறாம் வகுப்புப் பள்ளி மூன்று மைல் தள்ளி இருந்தது. யார் கொண்டுபோய் விடுவது என்று என்னை ஐந்தோடு நிறுத்தியவர்களும் அதைத்தான் சொன்னார்கள். என் வீட்டில் இன்னொரு முறை அது நடக்காது என்று முடிவு செய்தேன்.

புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. எழுத்து தெரியாது, படம் தெரியுமே. ஒரு படத்தில் ஷாக்கரின் மெல்லிய குழாயில் ஒரு நூல் கட்டியிருந்தது. ஆள் ஏறி உட்கார்ந்தால் அது கொஞ்சம் மேலே நகர்கிறது. பூக்கட்டும் நூலை எடுத்து அதே இடத்தில் கட்டினேன். உங்களைச் சீட்டைப் பிடிக்கச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தீர்கள். பேத்தி ஏறி உட்கார்ந்து இறங்கினாள். நூல் இம்மியும் நகரவில்லை.

"மேல இருக்கிற இந்தத் திருகை யாரு இறுக்குனது?"

"நாந்தான். லொடலொடன்னு ஆடுச்சு. கெட்டியா இருக்கணும்ட்டி."

குழாய், ஃபேன், குக்கர் பிடி என்று சர்க்கார் வீட்டில் ஆடுவதையெல்லாம் முப்பது வருஷம் இறுக்கிய கை. ஷாக்கரின் தலையில் இருந்த இரண்டு திருகை மட்டும் விட்டுவைக்குமா? குறடு போட்டு முறுக்கியிருந்தீர்கள்.

"ஆடுறதுக்குத்தான ஸ்பிரிங் வச்சிருக்கான்?"

"அஞ்சாங்கிளாஸ் இன்ஜினியர் சொல்லியாச்சு. அப்பீல் கிடையாது."

நானும் குறடு போட்டேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு தளர்த்தி, நூலைக் கீழே தள்ளி, மறுபடி ஏறச் சொன்னேன். அரை விரல் நகர்ந்தது. இன்னும் தளர்த்தினேன். ஒரு விரல் அகலம், படத்தில் இருந்தபடியே.

பேத்தி பார்க்கைச் சுற்றி மூன்று ஸ்பீட் பிரேக்கரும் தாண்டி வந்து நின்றாள். "அச்சா ஹை ஆச்சி, வலிக்கவே இல்ல." பிறகு குறட்டைக் காட்டி, "தாத்தா, சண்டே கபாடிவாலா வந்தா இதைப் போட்டுருங்க" என்றாள். உங்கள் மீசை மட்டும் சிரித்தது.

பள்ளி முடிக்கும்வரை அவள் பஸ் ஏறவில்லை.

சைக்கிள் சரியான அன்று சாயங்காலம் மேல்வீட்டுக்காரர், யார் சரிசெய்தது என்று கேட்டார். "மைனே டீக் கியா," நான்தான் சரிசெய்தேன் என்று இந்தியில் சொல்லி நெஞ்சைத் தொட்டுக் காட்டினீர்கள். அடுக்களையில் நின்று கேட்டேன். மறுத்தால் உங்களுக்கு மரியாதைக் குறைவு என்று வாயை மூடிக்கொண்டேன். என் தப்பு அது ஒன்றுதான்.

இப்போது மூடுவதில்லை. பழுதுபார்க்க மிக்ஸியைக் கழற்றினால் மகன், "உனக்கு எதுக்கும்மா?" என்கிறான். எனக்குத்தான் என்கிறேன். யார் கேட்டாலும் அந்த ஷாக்கரைச் சரிசெய்தது நான் என்று சொல்கிறேன். இன்று காலை உங்கள் படத்துக்கு முன்னால் நின்றும் சொன்னேன். நீங்கள் மறுக்கவில்லை.