ஆளுக திரும்புற வரைக்கும்

அன்பு மாப்பிள்ளை,

நம் படகுத்துறையின் சரித்திரத்தில் நிலைக்கத்தக்க முடிவு ஒன்று சென்ற ஞாயிற்றுக்கிழமை எடுக்கப்பட்டது. படகுச் சங்கத் தலைவர் இனிமேல் கைவைத்த நாற்காலியில் உட்காருவார். மற்றவர்களுக்குக் கையில்லாத நாற்காலி. முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், கைதட்டினார்கள். சீசருக்குச் செனட்டில் தங்க நாற்காலி கொடுத்தார்கள் என்று என் காதில் சொல்ல நீ இல்லை. நம்முடையது பிளாஸ்டிக். ஜெகதாப்பட்டினத்தில் வாங்கியது.

நீ கல்லூரியில் ரோமானியச் சரித்திரம் நடத்தினாய். கரையில் உன் அப்பா விட்டுப்போன ஒரு படகும் வைத்திருந்தாய். இரண்டையும் கலக்காமல் இருந்திருக்கலாம்.

நம் துறையின் இரண்டு படகுகளை அக்கரைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோய், ஆட்களை அங்கே சிறையில் வைத்தபோது நடந்த கூட்டம் உனக்கு நினைவிருக்குமா? கடலுக்குப் போகலாம் என்று பாதிப் பேர், போகக் கூடாது என்று பாதிப் பேர். சட்டையைப் பிடிக்கும் நேரத்தில் நீ எழுந்து சின்சினாட்டஸ் கதையைச் சொன்னாய். ரோமானியப் படையைப் பகைவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். வயலில் உழுதுகொண்டிருந்தவரைக் கூப்பிட்டு ஆறு மாதத்துக்கு முழு அதிகாரம் கொடுத்தார்கள். அவர் அரை மாதத்தில் வேலையை முடித்து, அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏர் பிடிக்கப் போய்விட்டார்.

“துரைக்கண்ணு அண்ணன் கையில எல்லாத்தையும் குடுப்போம். எந்தப் படகு போகணும், எது நிக்கணும்னு அவரே சொல்லட்டும். ஆளுக திரும்புற வரைக்கும்தான்” என்றாய். எல்லாக் கையும் உயர்ந்தது.

அவரும் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அலையாய் அலைந்தார். ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அதைப் பார்ப்பதற்குள்தான் நீ மார்வலியில் போய்விட்டாய்.

நாற்காலித் தீர்மானம் முடிந்ததும் உன் மனைவி எழுந்தாள். படகு இப்போது பவளத்தின் பெயரில் இருப்பதால் அவளும் உறுப்பினர்.

“அண்ணே, ஆளுக வந்துட்டாகல்ல?”

“வந்துட்டாக ஆத்தா. படகு வரலையே” என்றார் தலைவர் துரைக்கண்ணு.

“அங்கிட்டுப் போன படகு எந்தக் காலத்துல திரும்பி வந்துச்சு?”

“அதனாலதான் நான் இன்னும் இருக்கேன்.”

பின்வரிசையிலிருந்து ஒருவன், “அப்ப நாற்காலிக்குக் கையி மட்டும் பத்தாதுண்ணே, தலகாணியும் வாங்கிருங்க” என்றான். சிரிப்பு எழுந்தது. தலைவரும் சிரித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் சிரித்தார்.

“ஒன் வீட்டுக்காரரு சொன்ன கதைதான ஆத்தா? அந்த ஏர் ஓட்டுனவரை ரெண்டாந்தடவையும் கூப்புட்டாகளாம். ஒனக்குத் தெரியுமா?”

துக்கம் கேட்க வந்த அன்று உன் அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டு போனார். பாவம், பொழுதுபோக்குக்கு என்று நினைத்தேன். படித்திருக்கிறார், மாப்பிள்ளை.

“ரெண்டு தடவையும் திருப்பிக் குடுத்துட்டுத்தாண்ணே போனாரு” என்றாள் பவளம். இதற்குக் கைதட்டல் இல்லை.

மறுநாள் காலை உத்தரவு வந்தது. பவளத்தின் படகு கடலுக்குப் போகக் கூடாது. மீறிப் போனால் அதன் மீனை யாரும் ஏலத்தில் எடுக்கவும் கூடாது. எதுவரைக்கும் என்று கேட்கப் போனேன். “நெலம சரியாகுற வரைக்கும்” என்றார். உட்காரச் சொன்னார். கையில்லாத நாற்காலி.

நீ கதையில் பாதியைத்தான் சொன்னாய். பின்னால் வந்த தளபதி சுல்லா படையோடு ஊருக்குள் புகுந்து அதே பதவியைக் கால வரம்பில்லாமல் வாங்கிக்கொண்டு, கொல்லவேண்டியவர்களின் பெயர்களைப் பொது இடத்தில் எழுதி வைத்ததைச் சொல்லவில்லை. சீசர் அதை ஆயுள் முழுவதற்கும் ஆக்கிக்கொண்டதைச் சொல்லவில்லை. அவருடைய வளர்ப்பு மகன் அந்தப் பதவியே வேண்டாம் என்று அடக்கமாக மறுத்துவிட்டு, எல்லா அதிகாரத்தையும் தானே வைத்துக்கொண்டதையும் சொல்லவில்லை. கூட்டத்தில் நேரம் போதவில்லையா? அல்லது துரைக்கண்ணு நம் ஆள்தானே என்று நினைத்தாயா?

கத்தியால் பயனில்லை என்பதும் தெரியும். சீசரைக் குத்தியவர்கள் விடுதலை, விடுதலை என்று கத்திக்கொண்டு வெளியே வந்தபோது, ஜனங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். போன குடியரசு திரும்பவில்லை. பிறகு என்னதான் செய்வது? ரோமில் இதற்கு யாராவது வழி கண்டார்களா? இரவெல்லாம் உன் அலமாரியில் தேடுகிறேன். வேண்டிய புத்தகம் துரைக்கண்ணு வீட்டில் இருக்கிறது.

எனக்குப் படகு இல்லை. ஆகவே சங்கத்தில் வாக்கும் இல்லை. வாசலில் நின்றுதான் கூட்டம் கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் அதே வாசலில் நின்று, நீ விட்ட இடத்திலிருந்து மீதிக் கதையைச் சொல்லப் போகிறேன். பவளத்திடம் சொன்னேன். “சொல்லுங்க. ஆனா எப்பவும் போல கேலியா வேணாம்ணே. இது நம்ம படகு” என்றாள். கேலி இல்லாமல் சொல்வேன், மாப்பிள்ளை. இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

என்றும் உன் மச்சான்,
பவளத்தின் அண்ணன்

பி.கு.: நம் படகில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்த மூன்று பேரும் நேற்றுத் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள்.