இரண்டாவது சொம்பு

இன்றைக்கு ஆடி ஞாயிறு. சர்ச்சிலிருந்து திரும்பும்போது தெருமுனையில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். புளித்த கேழ்வரகு வாசமும் கருவாட்டுக் குழம்பு வாசமும் சேர்ந்து வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்துவிட்டேன். ஏனென்று உனக்குத் தெரியும்.

அறுபதுகளின் கடைசி அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வராத காலம். ஒரே வயலில் நாற்று நட்டவர்கள் நாம். நீ ஞானஸ்நானம் எடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. புகுந்த வீட்டில் நீ ஒருத்திதான் கிறிஸ்தவள். படையல் சோற்றைத் தொடமாட்டேன் என்று எத்தனை நாள் பட்டினி கிடந்தாய்! நானோ மூன்று தலைமுறைக் கிறிஸ்தவள். அம்மனுக்குப் படைத்தாலும் கூழ் கூழ்தான், கடவுள் ஒருவர்தானே என்று பேசுகிறவள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த ஆடியில் உன் மாமியார் நீட்டிய சொம்பை எல்லார் முன்னாலும் வாங்கிக் குடித்தேன். அந்த அம்மா உன் பக்கம் திரும்பினார்.

"தோ பாரு, பொறந்ததுலேர்ந்து ஏசு சாமிய கும்புடுறவ, அவளே குடிக்கிறா. நேத்து முழுக்கு வாங்கினவளுக்கு இன்னாடி இம்மா புடிவாதம்?"

நீ என்னைப் பார்த்தாய். 'அவளை விட்டுடுங்க, அவ மனசுக்கு ஒப்பல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சிரித்துக்கொண்டே இன்னொரு சொம்பு கேட்டேன். என்ன பெரிய மனசு என்று நாலு பேர் சொன்னது காதுக்கு இனிப்பாக இருந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டு குடித்தாய்.

அதற்குப் பிறகு திருவிருந்து ஞாயிறுகளில், அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பதற்கு முன்பே எழுந்து வெளியே போய்விடுவாய். "வெறும் கூழுடி, இதுக்கா இந்தப் பாடு?" என்று வீடு தேடி வந்து திட்டினேன்.

"உனுக்கு அது கூழுதாங்கா. எனுக்கு, வுட்டுட்டு வந்த எடத்துக்கே திரும்பிப் போன மாரி கீது."

நான் சொன்னது சரிதான். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். அந்தச் சரியை வைத்துத்தான் உன்னை மிதித்தேன்.

மஞ்சள் காமாலையில் நீ படுத்திருந்தபோது, பாஸ்டரை அழைத்து வரட்டுமா, திருவிருந்து கொடுப்பார் என்றேன். "வாணாங்கா, கை நீட்ட வெக்கமா கீது" என்றாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

வெட்கப்பட வேண்டியவள் நான். உனக்காக ஒரு ஞாயிறாவது எழுந்து வெளியே போய் நின்றிருக்கலாம். இல்லையம்மா. நீ போன அடுத்த வாரமே முதல் ஆளாகப் போய்க் கை நீட்டினேன். இன்று காலையிலும் நீட்டினேன்.